தப்பான பதில்

“நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க சார்.”

“தொண்ணூத்தி மூணு... எண்பத்தாறு... எழுபத்தொம்பது... எழுபத்திரண்டு...”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அட! போன மாசம் எண்பத்தாறுலயே வண்டி நின்னுடுச்சே!”

“இப்ப சிக்னல் விழுந்திருக்கு போல” என்று சிரித்தார் பெரியவர். முப்பது வருடம் ரயில் ஓட்டியவர்.

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் சிரிக்கவில்லை. மறதி நோய் கண்ட அவரை நான்கு வருடமாகக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, சட்டை மாட்டிவிடுபவள். மூன்று மாதமாகக் காலையும் மாலையும் அவர் நாக்குக்கு அடியில் ஒரு சோதனை மருந்தையும் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்தது. போதை தராது, மூளையில் அதற்கென்றே இருக்கிற ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு உள்வீக்கத்தைத் தணிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“சரி, சுலபமான கேள்வி. இவங்க யாரு?”

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் தடுமாறியதே இல்லை. தன் பெயரே மறந்துபோன நாளில்கூட, “என் வீட்டுக்காரி. இவளைத் தெரியாதா?” என்று டாக்டரையே திருப்பிக் கேட்டவர்.

இன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது.

“என் வீட்டுக்காரி இல்லீங்க. நான்தான் இவங்களை வேணாம்னு விட்டுட்டுப் போனேன். ரொம்ப வருஷமாச்சு.” அவள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்? நான் ஏதாவது விடுதியில இருந்துக்கிறேன்.”

டாக்டரின் முகம் வாடிப்போயிற்று. நர்ஸைக் கூப்பிட்டு, எடை பார்க்க அவரை வெளியே அனுப்பினார்.

“மனசை விட்டுடாதீங்கம்மா. பேசுறது அவர் இல்ல, மருந்து. சிலருக்கு இது நடக்காததை நடந்ததா நம்ப வைக்கும். எத்தனை நாளா இப்படி?”

“ஒரு வாரமா. தட்டுல சோறு போட்டா, ‘மன்னிச்சிடுங்க’ன்னு அழறார். நான் உள்ள வந்தா எழுந்து நிக்கிறார்.”

“கணக்கு வருது, நடை தேறியிருக்கு. ஆனா கட்டின மனைவியையே தெரியலைன்னா நான் எப்படித் தொடர்றது? நிறுத்திட்டா மறதி பழையபடி வந்துடும். ஆனா உங்களையாவது அடையாளம் தெரியும். என்ன சொல்றீங்க?”

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், எடை பார்த்து முடித்த பெரியவர் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பொத்தான் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நிறுத்திடுங்க டாக்டர்.”

படிவத்தில் ‘மனைவி’ என்றிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பதினாறு வருடங்களுக்கு முன் விவாகரத்துப் பத்திரத்தில் போட்ட அதே கையெழுத்து. பிரிந்ததையே மறந்துபோய் அவர் ஒருநாள் பழைய வீட்டுக் கதவைத் தட்டி, “பசிக்குது, சோறு போடு” என்று நின்ற பிறகுதான் அவளுக்கு மறுபடியும் ஒரு வீட்டுக்காரர் கிடைத்திருந்தார்.