பழைய கேஸ்

இதை எனக்கு முதலிற் சொன்னவர் மருதனார்மடம் ஜெயகௌரி. கணவரை இழந்தவர். ஒரே மகள் சுபாஜினி, இசை ஆசிரியை.

கரவெட்டியிலிருந்து நிருஷன் என்னும் இளைஞர் தம் தாயாருடன் வந்து பெண் பார்த்துச் சென்றார். இரு பகுதியாருக்கும் பிடித்திருந்தது. அன்று மாலை சுபாஜினி பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

எஞ்சியிருந்தது ஊரில் விசாரிப்பது மட்டுமே. அப்பொறுப்பை ஜெயகௌரியின் மச்சாள் பத்மாசினி ஏற்றார். பேச்சில் ஓர் ஆங்கிலச் சொல்லையும் கலக்கவிடாதவர் அவர். பஸ்ஸைப் பேருந்து என்றே சொல்வார். நடத்துநர் சிரித்தாலும் மாற்றமாட்டார்.

மூன்று வாரங் கழித்து, நிருஷனின் அயல்வீட்டுக்காரரான பரமலிங்கத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

“பொடியன் எப்பிடி, தம்பி?”

“தங்கமான பொடியன், அக்கா. குடி வெறி ஒண்டும் இல்லை. இப்ப மட்டும் ஒரு பழைய கேஸோடை கிடந்து மாயிறான்.”

“என்னது?”

“கேஸ், அக்கா. கொழும்பிலை இருந்து வந்தது. இரண்டு கிழமையா உதுதான் வேலை. உதின்ரை நாத்தம் எங்கடை வீடு வரைக்கும் வருது. சரி அக்கா, மாடு கத்துது. வைக்கிறன்.”

அன்றிரவே பத்மாசினி வந்துவிட்டார்.

“கௌரி, பொடியன்ரை பேரிலை கொழும்பிலை ஒரு பழைய வழக்கு இருக்காம். ஊரே நாறுதாம்.”

“என்ன வழக்காம், மச்சாள்?”

“உதையும் விளக்கமாக் கேட்டுக்கொண்டு நிப்பினமே? மரியாதையோடை ஒதுங்குவம்.”

“அவரிட்டையே ஒருக்கால் கேட்டா என்ன, மாமி?” என்றாள் சுபாஜினி.

“உம்மிலை வழக்கு இருக்கோ எண்டு மாப்பிள்ளையிட்டையே கேக்கிறதோ? நல்ல கதை!”

கரவெட்டிக்குச் சொல்லியனுப்பிய காரணம் வேறு. இன்னொரு சாத்திரியாரிடம் காட்டியதிற் சாதகம் பொருந்தவில்லை என்றார்கள். மறுப்பதற்கு நம்மவர் கைக்கொள்ளும் நாகரிகமான வழி அதுதான்.

சில மாதங்களின் பின், மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுவந்த பரமலிங்கம் மச்சாள்மார் இருவரையும் மறித்தார்.

“ஏன் அக்கா, அந்தப் பொடியனை வேண்டாமெண்டனியள்?”

“வழக்கு இருக்கெண்டு நீர்தானே சொன்னனீர்?”

“நான் எப்ப வழக்கெண்டனான்? கேஸ் எண்டெல்லோ சொன்னனான்! பாட்டுக் கோஷ்டிக்காரர் வாத்தியம் கொண்டு திரியிற பெரிய பெட்டி, அக்கா. பழசெண்டு வித்ததை வாங்கி, உள்ளுக்கை ஸ்பொஞ் வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டு இருந்தவன்.”

“அப்ப நாத்தம்?”

“பசை நாத்தம்! எனக்குத் தலையிடியே வந்தது.”

“பெட்டி எண்டு தமிழிலை சொல்லியிருக்கலாமே” என்று முணுமுணுத்தார் பத்மாசினி.

“நீங்களாவது கேஸ் எண்டே என்னட்டைச் சொல்லியிருக்கலாம், மச்சாள்” என்றார் ஜெயகௌரி.

மறுநாளே இருவரும் கரவெட்டிக்குச் சென்றனர். நேரிற் பேசினால் இன்னமும் சரிப்படுத்தலாம் என்று ஜெயகௌரி நம்பினார்.

நிருஷன் முகம் சுளிக்காமல் வரவேற்றார். “வாங்கோ அன்ரி, இருங்கோ. அம்மா கலியாணக் காட் குடுக்கப் போயிட்டா. ஆவணியிலை எனக்குக் கலியாணம்.”

ஜெயகௌரி மெல்ல அமர்ந்தார்.

பத்மாசினிதான் தொடங்கினார். “தம்பி, அண்டைக்கு அந்தச் சாதகம்…”

“சாதகம் பொருந்தாட்டி நீங்கள் என்ன செய்யிறது? கிரகங்களோடை சண்டை பிடிக்கேலுமே?” என்று அவர் சிரித்தார்.

“ஓம், ஓம்” என்றார் பத்மாசினி. ஜெயகௌரியும் தலையசைத்தார்.

சுவரோரம் ஒரு கரிய பெட்டி மூடிக் கிடந்தது.

“உதுதானோ தம்பி, நீர் ஸ்பொஞ் ஒட்டின பெட்டி?” என்று கேட்டார் ஜெயகௌரி.

“ஓம் அன்ரி. இரண்டு பக்கமும் பசை பூசி, கையிலை ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் அழுத்தவேணும். எனக்கு எங்கை பொறுமை? இரண்டு தரம் கழண்டு போச்சு.”

“நீர் என்ன வாத்தியம் வாசிக்கிறனீர்?”

“நானோ? எனக்குச் சங்கீதத்திலை ஒண்டும் தெரியாது.”

அவர் எழுந்துபோய்ப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

“உங்கடை வீட்டுக்கு வந்த அண்டைக்கு, ஒருத்தருக்கும் தெரியாமல் சுபாஜினியின்ரை வீணையைச் சாணாலை அளந்தனான். கலியாணம் முடிஞ்சு இஞ்சை கொண்டுவரேக்கை அடிபடக்கூடாதெண்டு. அந்த அளவுக்கு வெட்டினதிலை வேறை ஒண்டும் பொருந்தாது, அன்ரி. கொண்டு போங்கோ.”