தனசேகரன் வீட்டு வேலம்பாசி

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து தனசேகரனின் மீன்தொட்டிக்குள் விழுகிறது. வேலம்பாசி பச்சைப்பசேலென்று நீர்மட்டம்வரை நிற்கிறது. இலைதோறும் கடுகளவு காற்றுக்குமிழ்கள் அரும்பி, ஒவ்வொன்றாய்க் கழன்று மேலே போகின்றன. பக்கத்து வீட்டு ஆம்ப்ரோஸ் அதையே பார்த்தபடி நிற்கிறார். இருவரும் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய செடி. ஆம்ப்ரோஸ் வீட்டுத் தொட்டியில் அது பழுப்பேறி அழுகிக் கிடக்கிறது. "தனசேகரனோட கைராசி அப்படி லா," என்று காலையில் மனைவி ஜோசபின் சொன்னது இன்னும் காதில் எரிகிறது. உள்ளே தனசேகரன் கோப்பி கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்கிறது. ஆம்ப்ரோஸின் கை தண்ணீருக்குள் இறங்குகிறது. ஒரு கொத்தை வேரோடு பிடுங்கி, உள்ளங்கையில் வைத்து நசுக்குகிறார். மீன்கள் சிதறி ஓடுகின்றன. மணல் கலங்கி எழுகிறது.

கோப்பியோடு வந்த தனசேகரன் அவருடைய நனைந்த சட்டைக்கையைப் பார்த்துச் சிரிக்கிறார். "என்னண்ணே, செடி வேணுமா? கேட்டா தரமாட்டேனா? வெட்ட வெட்ட வளருது லா." நல்ல கொத்தாக ஒன்றைக் கிள்ளி, ஈரத் தாளில் சுற்றி நீட்டுகிறார். ஆம்ப்ரோஸ் இடக்கையால் வாங்கிக்கொள்கிறார். முதுகுக்குப் பின்னால் இறுக மூடிய வலக்கையிலிருந்து பச்சைத் தண்ணீர் தரையில் சொட்டுகிறது.