ஓவனுக்கு வைத்த பொட்டு

ஓவனில் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு மட்டும் வரவில்லை.

காலை எட்டு மணிக்குப் போட்ட சுவிட்ச். மணி பதினொன்று. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் மார்கழி மாதம்.

வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டார் காயில்கள் இருநூறு, சொட்டச் சொட்ட வரிசையில் காத்திருந்தன. ஓவனில் வைத்துச் சுட்டெடுத்து நாலு மணி லாரியில் ஏற்றியாக வேண்டும்.

ஃபோர்மன் கோதண்டம் போட்ட சத்தத்தில் ஒரகடம் ஏரிக் கொக்குகள் மூட்டை கட்டிக்கொண்டு வாலாஜாபாத்துக்குக் குடிபெயர்ந்தன.

எலக்ட்ரீஷியன் சுப்பிரமணி பியூசை மாற்றினார். குமிழைத் திருகினார். ஓவனில் இருந்த அத்தனை திருகாணியையும் ஒருமுறை கழற்றி மாட்டினார்.

"சூடாக்குற மூணு எலிமெண்டும் பூட்ச்சு சார். மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் டீ குடிக்கப் போனார். போனவர் திரும்பாததைப் பார்த்தால் டீயும் மெட்ராஸிலிருந்துதான் வர வேண்டும் போலிருந்தது.

அப்பாவு ஓரமாக நின்றிருந்தான். அந்த ஓவனுக்கு ஆள் அவன்தான். ஒன்பது வருடமாக டெம்பரரி.

அன்றைக்குப் பார்த்து மேனேஜர் நரசிம்மன் கையில் ஒரு பட்டியலோடு மெட்ராஸிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். டெம்பரரிகளில் மூன்று பேரைப் பர்மனென்ட் ஆக்க உத்தரவு. இரண்டு பெயர் எழுதியாகிவிட்டது. ஓவன் இப்படிச் செத்துக் கிடக்கும்போது, ஓவன்காரன் பெயரை மூன்றாவதாக எவன் எழுதுவான்?

அப்பாவு சுவிட்சை அணைத்து மறுபடி போட்டான். சுவரில் இருந்த இரும்புப் பெட்டியில் காதை வைத்தான்.

அந்தப் பெட்டி 'டக்' என்று சொன்னால் ஓவனுக்குக் கரண்டு போகும். ஒன்பது வருடமாகக் கேட்ட சத்தம். அவன் பெண்டாட்டி அம்சவல்லி தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பாத காது, இந்த 'டக்'குக்குத் தூக்கத்திலும் விழித்துக்கொள்ளும்.

இன்று 'தொப்' என்றது.

மெயினை இறக்கினான். பெட்டியைத் திறந்தான்.

உள்ளே செம்புத் துண்டும் செம்புத் துண்டும் தொட்டுக்கொண்டால்தான் கரண்டு பாயும். அவற்றுக்கு நடுவே வட்டமாக, காய்ந்து கெட்டித்துப்போய், சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். மூன்று ஜோடிக்கும் ஒன்று குறையாமல்.

நேற்று ஆயுத பூஜை. அவரவர் மிஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பதுதான் அங்கே வழக்கம். ஓவனுக்கு மட்டும் வருடா வருடம் கோதண்டமே வைப்பார். "உனுக்கு இன்னாத்துக்குடா செரமம்" என்பார். மேனேஜர் வருகிறார் என்று இந்த வருடம் பக்தி பொங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து உள்ளேயும் வைத்திருக்கிறார். அவர் குழைத்து வைத்திருந்த சந்தனத்தில் ஒரு யானையை முழுக்காட்டலாம். மிச்சத்தில் அதன் குட்டியையும்.

பூஜை முடிந்து பொரிப் பொட்டலம் கொடுத்தார். அப்பாவுவுக்கு மட்டும் கொடுக்கவில்லை, எறிந்தார். பத்தடி தள்ளி நின்று கோதண்டம் எறிகிற பொட்டலத்தை ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கீழே விட்டதில்லை அப்பாவு. இந்தியாவுக்கு விக்கெட் கீப்பராகப் போயிருக்க வேண்டியவன்.

நகத்தால் சுரண்டினான். விரலால் வழித்தான். உப்புத்தாள் போட்டுச் செம்பு மின்னுகிற வரைக்கும் தேய்த்தான். தூளை ஊதித் தள்ளினான்.

மெயினை ஏற்றினான்.

டக்.

பத்தே நிமிடத்தில் ஓவன் பக்கம் நிற்க முடியவில்லை. ஷெட்டில் இருந்த எட்டுப் பேரும் விசிலடித்தார்கள். கோதண்டம் ஓடி வந்தார். பின்னாலேயே மேனேஜர், பட்டியலும் பேனாவுமாக.

"இன்னாடா ஆச்சு அதுக்கு?" என்றார் கோதண்டம்.

உண்மையைச் சொன்னால் மேனேஜர் முன்னால் ஃபோர்மன் மானம் போகும். அப்பாவு ஒரு நொடிதான் யோசித்தான்.

"பல்லி சார். உள்ள பூந்து செத்துக் கெடந்துச்சு. எடுத்துப் போட்டுட்டேன்."

"தல எந்தப் பக்கம் இருந்துச்சு? பலன் பாக்கணும்" என்றான் எல்லப்பன், லேத்தில் நின்றபடியே. கூட்டம் சிரித்தது. கோதண்டம்கூடச் சிரித்தார்.

"மூணாவது பேர் கிடைச்சாச்சு" என்றார் மேனேஜர். அப்பாவுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையால் மூக்கைத் தொட்டவர் ஆச்சரியப்பட்டுப்போனார்.

"என்னப்பா இது, கையெல்லாம் சந்தனம் மணக்குது?"

கோதண்டத்தின் பார்வை அப்பாவுவின் விரல்களுக்குப் போனது. அங்கிருந்து இரும்புப் பெட்டிக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏண்டா, பூஜைக் கிண்ணத்துல கைய வச்சியா நீ?" என்றார், எட்டுப் பேருக்கும் கேட்கும்படி.

அப்பாவு பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். உள்ளே சந்தனத்தின் சுவடே இல்லை. அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தான்.

கோதண்டம் மேனேஜர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"காலனிக்காரன் சார் இவன்."

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கைக்குட்டையை எடுத்து, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.