திரும்பி வந்த கட்டு

மார்ச் கடைசி வெயிலில் பேண்டேஜ் ஆலையின் தகரக் கூரை முறுகுகிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி எழுத்து: இந்த வருஷம் தூத்துக்குடியில் கப்பலேறிய பேண்டேஜ் துணிக் கட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு, திரும்பி வந்தது ஒன்று. “துணிக்குள்ள முடி கெடக்குன்னு வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிட்டான். எவ முடின்னு தெரியட்டும், அவ சீட்டு இன்னைக்கே கிழிஞ்சிரும்” என்று கருகருவென்ற கிராப்பை நீவுகிறார் சூப்பர்வைசர் சுயம்புலிங்கம். பெண்கள் தலைத்துண்டை இழுத்து இறுக்கிக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான பரிபூரணம் அந்தத் துணியைக் கண்ணாடி மேசையில் விரிக்கிறாள். அடியில் எரியும் குழல்விளக்கில் இழை இழையாகத் தெரிகிறது. நடுவில் அந்த முடி. நகத்தால் கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறாள். விரல் நீளம்கூட இல்லை. நுனி கறுப்பு, அடி வெள்ளை. டை அடித்த முடி. “நீங்களே பாருங்க அண்ணாச்சி” என்று நீட்டுகிறாள். முடியைப் பார்க்கும் சுயம்புலிங்கத்தின் கை தன் கிராப்புக்குப் போகிறது. பிறகு, தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டிக்கொள்கிறார்.