இளகிய விசை

மூன்றாவது தாங்கியில் துப்பாக்கி இல்லை.

அதில் பூரணம் கட்டியிருந்த சிவப்புத் துணி தரையில் கிடந்தது. கூடவே அவள் கையெழுத்தில் அட்டை. ‘வெளியே தரக்கூடாது.’

மதியச் சாப்பாட்டுக்குப் போய் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

“குவாரி ரோடு பிரியுற விலக்குல மறியல்க்கா. லாரி அடிச்சு ஒரு பொம்பள செத்துப்போச்சு. அவசரம்னாங்க, பத்து துப்பாக்கி எடுத்துக் குடுத்துட்டேன்” என்றார் ஆயுத அறைக் காவலர்.

“மூணாவது யாருக்கு?”

அவர் பதிவேட்டைத் திருப்பினார்.

“தவசிக்கு.”

தவசி. சேர்ந்து எட்டு மாதம். நிஜக் கூட்டத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை.

அவள் அவனைச் செல்பேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்கூட்டரை எடுத்தாள். எட்டு கிலோமீட்டர்.

ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவள் அவள். பதினான்கு வருடம். சென்ற வாரம் இன்ஸ்பெக்டர் குலசேகரன் அந்தத் துப்பாக்கியை அவள் மேசையில் வைத்தார். மாநிலப் போட்டிக்கு அவர் எடுத்துப்போவது.

“ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்கு பூரணம். தொட்டா போவணும்.”

“எழுத்துல குடுங்க சார்.”

“நான் சொல்றேன்ல.”

செய்தாள். நன்றாகவே செய்தாள். உரசும் இடங்களை மெருகேற்றினாள், சுருள்வில்லை மாற்றினாள். குண்டில்லாமல் ரப்பர் விரிப்பில் ஐம்பது முறை துப்பாக்கியின் அடிக்கட்டையை இடித்துப் பார்த்தாள். விசை தானாக ஒருமுறையும் இளகவில்லை.

பாதுகாப்பானதுதான். மைதானத்தில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கிச் சுடும் ஒருவருக்கு.

பயந்த விரலுக்கு அல்ல.

விலக்குக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே லாரிகள் வரிசையாக நின்றன. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சாலையின் குறுக்கே வெட்டிப் போட்ட முள்மரம். அதற்கு அப்பால் கூட்டம். இப்பால் பத்துக் காவலர்கள்.

வலது ஓரத்தில் தவசி. அவனுக்கு நான்கடி எதிரில், நீல லுங்கி கட்டிய ஒருவர் சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“சுடுறா! அவ போன எடத்துக்கே என்னையும் அனுப்பு. சுடுறா!”

செத்தவளின் கணவர்.

தவசியின் துப்பாக்கிக் குழாய் அவர் தொடையை நோக்கிச் சாய்ந்திருந்தது. பாதுகாப்புப் பூட்டு திறந்திருந்தது.

விரல் விசை வளையத்துக்குள் இருந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

கத்தினால் அவன் திடுக்கிடுவான். பின்னால் வந்து தோளைத் தொட்டாலும் திடுக்கிடுவான்.

எங்கிருந்தோ ஒரு கல் வந்து போலீஸ் வேனின் கண்ணாடியில் பட்டது. தவசியின் முழங்கை துள்ளியது.

துப்பாக்கி வெடிக்கவில்லை.

அவள் நடந்தாள். ஓடாமல், அவன் கண்ணில் படும்படி, பக்கவாட்டில் சுற்றி.

“தவசி.” சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலில். “நான்தான், பூரணக்கா. என்னையப் பாக்காத. வெரல மட்டும் வெளிய எடு.”

“என்னக்கா?”

“வெரலு. மெதுவா.”

விரல் வந்தது.

“கொழல வானத்தப் பாத்துத் தூக்கு. அப்படித்தான். இப்ப எங்கிட்ட குடு.”

வாங்கினாள். பூட்டினாள். நான்கு எட்டு வைத்துப் பின்னால் போய் வேனுக்கு மறைவில் திரும்பி, குண்டுப்பெட்டியைக் கழற்றினாள். குண்டேற்றும் கைப்பிடியை இழுத்தாள்.

உள்ளே ஏறியிருந்த ஒரு குண்டு தெறித்துத் தார்ச்சாலையில் உருண்டது.

தவசிக்கு லத்தி கொடுத்து, வேனருகே நிற்கச் சொன்னார்கள். அவன் அவளிடம் வந்தான்.

“ரிப்பேராக்கா?”

துப்பாக்கி காலிதானா என்று அவள் மீண்டும் பார்த்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்த்தாள். சாலையோர மணல் குவியலை நோக்கிக் குழாயை வைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்தாள்.

“ட்ரிக்கரத் தொட்டுப் பாரு.”

தொட்டான்.

டக்.

அவன் கையை இழுத்துக்கொண்டான். அழுத்தவே இல்லை என்பதுபோல அவளைப் பார்த்தான். பிறகு நீல லுங்கிக்காரரைப் பார்த்தான். அவர் இப்போது சாலையில் உட்கார்ந்திருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி வாயிலும் பாதி நெஞ்சிலுமாகக் குடித்தார்.

“நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன்” என்றாள் அவள். “ஒம்மேல தப்பில்ல.”

தவசி வேனின் படியில் உட்கார்ந்தான்.

“ரெண்டு தடவ அழுத்தணும்போல இருந்துச்சுக்கா.”

நான்கு மணிக்குத் தாசில்தார் வந்தார். வேகத்தடைக்கு எழுதிக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது.

ஐந்து மணிக்கு ஆயுத அறையில் குலசேகரன் வந்து நின்றார். அவள் மேசையில் தாள் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்தத் துப்பாக்கி பக்கத்திலேயே பாகம் பாகமாகப் பிரிந்து கிடந்தது. பழைய சுருள்வில் மாட்டியாகிவிட்டது.

“ஏன் பிரிச்ச? வியாழக்கிழம போட்டி.”

அவள் தாளிலிருந்து பேனாவை எடுக்கவில்லை.

“எவனுக்கும் ஒண்ணும் ஆகலைல்ல? அப்பறம் எதுக்கு ரிப்போர்ட்டு? ஒஞ் சர்வீஸுதான் போவும்.”

“தெரியும் சார். அதான் முதல் வரியில எம் பேர எழுதிட்டேன்.”

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் குனிந்தார். முதல் வரியைப் படித்துத் தலையை ஆட்டினார்.

இரண்டாவது வரியில், தன் பெயரில் நின்றார்.

நாற்காலியை இழுத்து, மெதுவாக உட்கார்ந்தார்.