அந்த இடது கை

பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்த இரும்பை விரல்களால் இறுக்கிக்கொண்டு கிட்டார் கடை வாசலில் நின்றார் புருஷோத்தமன். நெல்லித்தோப்பில் மே மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

உள்ளே வெற்றிவேல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை இழுத்துப் பட்டன் மாட்டியிருந்தான்.

போன மாதம் பேப்பரில் அவன் படம் வந்தது. அதில் முகத்தைவிட அந்த இடது கைதான் பெரிதாகத் தெரிந்தது. கட்டைவிரலடியில் இருந்த தீக்காயத் தழும்பைப் பார்த்ததிலிருந்து புருஷோத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை. முதலியார்பேட்டை என்று இடத்தையும் போட்டிருந்தார்கள்; அப்புறம் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று நாளாக அவன் பின்னாலேயே அலைகிறார்.

ஒரே மகன் தமிழ்மாறன் மரப்பாலத்துப் பக்கம் பைக்கோடு விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. யாரையும் தேடிப் போகக் கூடாது, பேசக் கூடாது என்று அப்போதே புருஷோத்தமனிடம் எழுதி வாங்கியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தால் ஆயிற்றா, பெற்ற மனசு கேட்க வேண்டாமா?

காலையில் கிளம்பும்போது சந்திரகலா வாசல்வரை வந்தாள். இரண்டு வருஷமாகப் புருஷனிடம் வாய்விட்டுப் பேசாதவள்.

"இன்னிக்கும் தூர நின்னு பாத்துட்டுத் திரும்பிடாதீங்க. அந்தக் கையப் புடிக்காம வீட்டுக்கு வராதீங்க."

அந்தச் சொல்தான் இப்போது அவரை முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது. இன்று விட்டால் இன்னொரு நாள் தைரியம் வராது.

கடைக்காரர் பாவா ஜும்ஆ தொழுகை முடித்து அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். தலையிலிருந்து தொப்பிகூட இறங்கவில்லை.

"மொத கிட்டாரா தம்பி? யாருக்கு?"

"எனக்குத்தான் பாய். இந்தக் கைக்குப் பழக்கமே இல்ல."

"ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்பிடித்தான். பளபளன்னு இருக்கேன்னு மயங்கிடாதீங்க. கம்பி ரொம்பத் தூக்கிக்கிட்டு நிக்காம, கட்டைக்குக் கிட்டத்துல இருக்கணும். அதான் புதுசாக் கத்துக்கறவங்களுக்கு நல்லது." பாவா ஒரு கிட்டாரை இறக்கி அவன் மடியில் வைத்தார். "இது ஸ்டீல் கம்பி. ஒரு மாசத்துக்கு விரல் நுனியெல்லாம் வலிக்கும்."

"வலிச்சாச் சந்தோசம் பாய்" என்றான் வெற்றிவேல்.

புருஷோத்தமன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு படி ஏறினார்.

வெற்றிவேல் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பிமேல் வைத்தான். கட்டைவிரல் திரும்பியபோது அதன் அடியில் தழும்பு தெரிந்தது. அதே கைதான், சந்தேகமே இல்லை. கம்பியைத் தட்டியதும் செத்த சத்தம் ஒன்று வந்தது.

"அந்தக் கைக்கு ஸ்டீல் கம்பி வேணாம்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். புருஷோத்தமன் கடைக்குள் வந்துவிட்டிருந்தார்.

"நைலான் கம்பி போட்டதக் குடுங்க. அதுல கம்பிக்குக் கம்பி எடம் இருக்கும். அந்த விரல் தடிமன், இதுல பக்கத்துக் கம்பியில முட்டும்."

"சார் யாரு? ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் பாவா.

"பத்து வருசம் எங்க வீட்டுல கிட்டார் வாசிக்கறதப் பாத்திருக்கேன்."

வெற்றிவேல் பாவா பக்கம் நகர்ந்தான். "பாய், இவர நேத்து மார்க்கெட்லயும் பாத்தேன். முந்தாநாள் எங்க தெரு முனையில நின்னாரு" என்று முணுமுணுத்தபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

பாவா அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஆளைப் பிடிக்காவிட்டாலும் அவர் சொன்னது நியாயம் என்று தொழில் தெரிந்தவருக்குப் புரிந்தது. நைலான் கம்பிக் கிட்டாரை எடுத்துக் கொடுத்தார். வெற்றிவேல் தயங்கித் தயங்கி அமுக்கித் தட்டினான். இந்தத் தடவை ஒரு சுரம் ஓரளவு தேறி வந்தது.

பாவா குனிந்து விரல்களைப் பார்த்தார். "நகம் வளந்திருக்கு தம்பி, அதான் சரியா அமுங்கல. எடது கையில ஒட்ட வெட்டிடணும். வெள்ளிக்கெழமன்னு பாக்காதீங்க, நாங்க இன்னிக்குத்தான் வெட்டுவோம்."

"நகம் வளந்திருக்கா?"

புருஷோத்தமனின் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. பாக்கெட்டிலிருந்து கை வெளியே வந்தது. விரலிடுக்கில் இரும்பு மின்னியது. இரண்டே எட்டில் பாய்ந்து வெற்றிவேலின் இடது கையைப் பிடித்துவிட்டார்.

ஸ்டூல் உருண்டது. "யோவ், விடுய்யா அவர" என்று பாவா குறுக்கே வந்தார். வெற்றிவேல் கையை உதறினான், முடியவில்லை. இழுத்த இழுப்பில் பட்டன் தெறித்து, சட்டைக் கை முழங்கைவரை ஏறியது.

மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல் ஒரு தையல் தழும்பு. தழும்புக்கு மேலே பையன் நல்ல சிவப்பு. கீழே கை கறுப்பு.

குறுக்கே வந்த பாவா அப்படியே நின்றுவிட்டார். புருஷோத்தமனின் கையில் இருந்தது ஒரு பழைய நகவெட்டி. அவர் தரையில் மண்டியிட்டு, அந்தக் கட்டைவிரலைத் தன் விரல்களுக்கிடையே பூப்போலப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாத தம்பி. எம் மவன் கைக்கு எப்பவும் நாந்தான் நகம் வெட்டுவேன்."