பச்சை எரியும் வரை

வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் மணிக்கட்டுப் பட்டையில் பச்சை விளக்கு அசையாமல் எரிவதைப் பார்த்துப் பொற்கொடிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கணக்குப் போடும்போது நாடித்துடிப்பில் தன்னம்பிக்கை தெரிந்தால் பச்சை, தடுமாறினால் சிவப்பு. ஒருமுறை சிவந்தாலும் பள்ளிக்குத் தகவல் போய்விடும். மறுநாளே கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

பிறகுதான் திரையைப் பார்த்தாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று இருந்தது.

“ஏய் ஆதிரை, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமாடி?”

“தப்புன்னு தெரியும்மா. யோசிச்சா செவந்துரும். எங்க கிளாஸ்ல யாருமே யோசிக்க மாட்டோம்.”

பொற்கொடி தொட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பட்டையைச் சட்டென்று கழற்றி, தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் கையில் மாட்டினாள். பச்சை அப்படியே எரிந்தது.

“இப்ப நிதானமா யோசி.”

ஆதிரை தாளில் ஆறு கட்டம் போட்டு, மூன்றுக்கு வண்ணம் அடித்தாள். பென்சில் நின்றது. அவள் புருவம் மெல்லச் சுருங்கியது. அப்போது தொட்டிலுக்குள் குழந்தை சிணுங்கியது.

பொற்கொடி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள்.